காயலான் கடை வாங்காத பொருள்

பால் கவரும் ஷாம்பு சாஷேவும் தமிழ்நாட்டு நகர வீடுகளுக்குள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்தவை. 1980களில் இரண்டுமே பரவலாகிவிட்டன. இரண்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள். இரண்டையும் ஓர் ஓரத்தில் கத்தரித்து, உள்ளே இருப்பதை ஊற்றிக்கொண்டு, உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் சென்னையின் எத்தனையோ வீடுகளில் பால் கவரை யாரும் தூக்கிப் போடவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் பாலோடு சேர்த்து, கவரை ஜன்னல் கம்பியில் செருகிக் காயவைத்து, அடுக்கி, மாதக் கடைசியில் செய்தித்தாள் கட்டோடு எடைக்குப் போட்டார்கள். அதே வீட்டுக் குளியலறையில் காலியான சாஷே, தண்ணீரோடு போய்ச் சாக்கடை வாயை அடைத்தது. வீடும் ஒன்று, கைகளும் அதே கைகள். நகரக் குப்பையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மக்களின் பொறுப்பின்மையில் தொடங்கி விழிப்புணர்வுப் பிரசாரத்தில் முடிகிறது. பழைய பொருள் வணிகத்தின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியும். பிளாஸ்டிக் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே குப்பையாகிவிடவில்லை. காயலான் கடைத் தராசில் விலை கிடைக்காத வகைப் பிளாஸ்டிக்கை ஆலைகள் செய்யத் தொடங்கிய பிறகுதான் குப்பையானது. அப்படிச் செய்ய முடிவெடுத்தவர்கள் ஒரு பக்கம். அதன் செலவைச் சுமப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பிளாஸ்டிக்குக்கு முந்தைய மதராஸில் மளிகைக் கடையின் பொட்டலமே பழைய பேப்பர் கடையிலிருந்துதான் வந்தது. வீடுகள் எடைக்குப் போட்ட செய்தித்தாளும் பரீட்சை விடைத்தாளும் மளிகைக் கடைக்கே திரும்பின. சில தாள்களைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பசை தடவிப் பைகளாக ஒட்டிக் கொடுத்தார்கள். மற்றவை கடைக்காரர் கையில் கூம்பாகச் சுருண்டு, சணல் நூல் சுற்றிய பொட்டலங்களாயின. ஓட்டலில் வாழையிலையும் மந்தாரை இலையும். எண்ணெய்க்குத் தூக்கு, சாம்பாருக்கும் தூக்கு. இரும்பு, பித்தளை, ஈயத்துக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டி வரும். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர்கள் தலைச்சுமையோடு வருவார்கள். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் தெருக்கோடியில் ஒரு காயலான் கடை, அதற்குப் பின்னால் பெரிய வியாபாரி, அவருக்குப் பின்னால் உலைக்களமோ காகித ஆலையோ இருந்தது. இந்த ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் உருவாக்கவில்லை, மாநகராட்சி ஒரு காசு செலவழிக்கவில்லை. வீட்டிலிருந்து வெளியேறும் பொருள் மறுபடி ஒரு கைக்குப் போய்ச் சேர்வதற்கு அதன் விலையே போதுமானதாக இருந்தது. அன்றைய தெருக்களில் குப்பையே இல்லை என்று சொல்லவரவில்லை. இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி மக்கக்கூடியது. மக்காததற்கு வாங்க ஆள் இருந்தார்.

இந்தச் சங்கிலிக்குள் பிளாஸ்டிக் முதலில் நல்ல பொருளாகத்தான் வந்துசேர்ந்தது. இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி 1957இல் பம்பாயில் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் மேட்டூரில் பி.வி.சி. ஆலை வந்தது. 1969இல் ஐ.பி.சி.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தை வதோதராவில் மத்திய அரசு நிறுவியது. அந்தத் தலைமுறையின் வீட்டுப் பிளாஸ்டிக் என்றால் குடம், வாளி, குவளை, செருப்பு, சோப்பு டப்பா. தண்ணீர்ப் பஞ்சம் வாட்டிய சென்னையில் தெருக்குழாயடியிலும் லாரியடியிலும் வரிசை கட்டிய வண்ணக் குடங்களை நகரத்தின் அடையாளம் என்றே சொல்லலாம். பித்தளைக் குடத்தைவிட இலேசு, மலிவு. இடுப்பில் இரண்டு நடை கூடுதலாகச் சுமக்கலாம். பெண்களின் உழைப்பை உண்மையாகவே குறைத்த பொருள் அது. விரிசல் விட்டால் சூடான கரண்டியால் உருக்கி ஒட்டினார்கள். ஒட்டியும் தாங்காதபோது காயலான் கடைக்குப் போட்டார்கள். குடம் கனமானது, எடைக்குக் காசு வந்தது. உடைந்த குடம் அரைபட்டு, உருகி, மங்கிய நிறத்தில் இன்னொரு குவளையாகவோ கறுப்புக் குழாயாகவோ திரும்பி வந்தது.

இந்தப் புதிய பொருளை வணிகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பது தனிக் கவனத்துக்கு உரியது. இரும்பையும் பித்தளையையும் கண்ணால் பிரித்துவிடலாம். பிளாஸ்டிக்கோ வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே வேறு வேறு வேதிப்பொருள். கலந்து உருக்கினால் எதற்கும் உதவாது. ஆய்வகம் இல்லாத கொட்டகையில் இதைப் பிரிக்கக் கையும் காதும் மூக்கும் பழகின. தரையில் போட்டால் பாலிஸ்டைரீன் உலோகம்போலக் கணீர் என்று ஒலிக்கும். பாலித்தீன் மந்தமாக விழும். நுனியில் தீ வைத்தால் பாலித்தீனில் மெழுகுவர்த்தி வாடை வரும், பி.வி.சி. மூக்கைக் குத்தும். அரைத்த சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலினும் மிதக்கும், பி.வி.சி.யும் பாட்டில் செய்யப் பயன்படும் பெட்டும் மூழ்கும். தண்ணீரில் உப்பைக் கரைத்து அடர்த்தியைக் கூட்டினால், மூழ்கிக் கிடக்கும் பாலிஸ்டைரீனும் மேலே வரும். ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூட அவர்கள் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. உடல் பெட், மூடியும் கழுத்து வளையமும் வேறு, மேலே ஒட்டிய லேபிள் இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று விலை. வளையத்தைக் கத்தியால் கீறி எடுக்க ஒரு நொடி. அந்த நொடிக்குக் கூலி உண்டா என்று விலைதான் சொல்லும். இப்படிப் பிரித்தெடுக்கும் கைகள் இருந்ததால்தான், இந்தியாவில் பயன்படும் பெட் பாட்டில்களில் சுமார் 90 சதவீதம் மறுசுழற்சிக்கோ மறுபயன்பாட்டுக்கோ போய்ச் சேர்கிறது என்று புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் 2017 வாக்கில் மதிப்பிட முடிந்தது. பணக்கார நாடுகள் பலவற்றால் எட்ட முடியாத விகிதம் அது. அதை எட்டித் தந்தவர்கள், அரசின் கணக்கேட்டில் பெயர் இல்லாதவர்கள்.

இனி அந்த இரண்டு உறைகளுக்கு வருவோம். அரை லிட்டர் பால் கவரின் எடை ஏறத்தாழ மூன்று கிராம். கிலோவுக்கு முந்நூறுக்கு மேல் வேண்டும். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் மாதம் இருநூறு கிராம்கூடச் சேராது. ஆனாலும் அதற்கு மதிப்பு உண்டு. முழுவதும் ஒரே குடும்பத்துப் பாலித்தீன், அச்சு குறைவு, வீட்டிலேயே அலசியது, எல்லா வீட்டிலும் தினமும் ஒரே வடிவில் கிடைப்பது. உருக்கிக் குருணையாக்கும் ஆலைக்குத் தரம் சீராகக் கிடைத்தால் மற்ற பிளாஸ்டிக் தாளைவிடக் கூடுதல் விலை கொடுக்க முடியும். அந்தக் கூடுதல் காசுதான் பெரிய வியாபாரி, காயலான் கடைக்காரர் என்று படிப்படியாக இறங்கி வந்து, ஜன்னல் கம்பியில் கவர் காயும்படி செய்தது. கவரின் ஓரத்தைக் கத்தரிக்கும்போது தனியே விழும் முக்கோணத் துணுக்கு மட்டும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக் குப்பைக்குப் போனது. அதே பிளாஸ்டிக்தான், எடை இல்லாததால் விலை இல்லை.

சாஷேவின் கதையும் தமிழ்நாட்டுக் கதைதான். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்ற சிறுதொழில் முனைவர், பாட்டிலில் பணக்காரர்கள் மட்டும் வாங்கிய பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எல்லோருக்கும் விற்கலாம் என்று முயன்றார். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. 1983இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு பிரிந்து வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பன்னாட்டு நிறுவனங்கள் பின்தொடர, பெட்டிக்கடைகளின் முகப்பில் சாஷேச் சரங்கள் தோரணமாயின. சாஷேவை நெருங்கிப் பார்த்தால், அது மெலிதாக இருந்தாலும் ஒரே தாள் அன்று. வெளியே அச்சுப் பதிய ஒரு பாலியெஸ்டர் படலம். நடுவே ஈரமும் காற்றும் புகாமல் தடுக்க அலுமினியமோ அலுமினியம் பூசிய படலமோ. உள்ளே சூடுபட்டு ஒட்டிக்கொள்ள ஒரு பாலித்தீன் படலம். எல்லாம் பசையால் பிணைந்தவை. பிரிக்க முடியாது, பிரிக்காமல் உருக்கினால் ஒன்றோடொன்று சேராது. காலி உறையின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஆயிரம் பொறுக்கினால்தான் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவையும் வாங்க ஆலை இல்லை. காயலான் கடைக்காரர் சாஷேவைத் தொடாததற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், பாக்குப் பொட்டலம் எல்லாம் இதே வழியில் வந்தன. மெல்லிய கேரி பேக் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. பொருள் ஒன்றாக இருந்தாலும், காற்றில் பறக்கும் அளவுக்கு எடை குறைந்தது. மீன் இரத்தமும் சாம்பாரும் படிந்தது. கழுவும் கூலிக்கே கட்டுப்படியாகாதது. இலவசமாகக் கிடைத்ததால் பொட்டலத் தாளின் சந்தையையும் அது அழித்தது. பழைய பேப்பருக்கு இருந்த ஒரு பெரிய வாடிக்கையாளரைக் காயலான் கடை அப்படித்தான் இழந்தது.

மக்கள் தரம் பிரித்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. எச்சில் இலையோடும் சாணித்தாளோடும் கலந்து போன பால் கவருக்கும் மதிப்புப் போய்விடும். மட்கும் குப்பையைத் தனியே வைப்பது வீட்டின் கடமைதான். ஆனால் பிரித்து வைத்த சாஷே எங்கே போகும்? உலர் குப்பைத் தொட்டியில் சுத்தமாகச் சேர்ந்த சாஷேக்கள், உலர் குப்பை நிலையத்தில் கடைசியாக மிஞ்சும் குவியலாக நிற்கின்றன. அங்கிருந்து போவது கிடங்குக்கு. பால் கவரைப் பிரிக்க யாரும் மக்களுக்குப் பாடம் நடத்தவில்லை. எந்தத் துண்டறிக்கையும் இல்லாமல் பல இலட்சம் வீடுகள் தாமாகவே பிரித்தன. ஒழுங்கில்லாதவர்கள் என்று குற்றம்சாட்டப்படுகிற அதே மக்கள்தான் அவர்கள். பழக்கம் விலையைத் தொடர்ந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மாநகராட்சியோ இந்த வணிகத்தைத் தன் ஏற்பாட்டின் பகுதியாக ஒருபோதும் கருதவில்லை. 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற அமைப்பு, தெருவாசிகளைச் சேர்த்து, குப்பை பொறுக்கியவர்களையே மூன்று சக்கர வண்டியோடு பணியில் அமர்த்தி, தெருவை அழகுபடுத்துபவர்கள் என்று மரியாதையான பெயரும் கொடுத்தது. பொறுக்கிய பொருளை விற்கும் காசும் அவர்களுக்கு. இது நகரம் முழுவதும் வேரூன்றுவதற்குள் 2000இல் மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. சீருடை, பெரிய தொட்டி, நசுக்கி அள்ளும் லாரி. தெருக்கள் சுத்தமானதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் டன் கணக்கில் பணம் கொடுத்தது. எடைக்குக் கூலி என்றால், பிரித்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்ததாரருக்கு நட்டம். காயலான் கடையும் எடைக்கே காசு கொடுத்தது. அங்கே குப்பையைக் குறைத்த தராசு இங்கே கூட்டியது. அதே ஆண்டு, அல்மித்ரா படேல் என்பவர் உச்ச நீதிமன்றத்தில் 1996இல் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. மூலத்திலேயே தரம் பிரிக்க வேண்டும் என்றன. விதி ஒன்று சொல்ல, ஒப்பந்தம் வேறொன்றுக்குப் பணம் கொடுத்தது. வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை விழுங்கிய பெருங்குடியும் மலைகளாயின. அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. கிடங்கு அதன் மடியிலேயே கிடக்கிறது. சமீப ஆண்டுகளில் பயோமைனிங் என்ற பெயரில் அந்தக் குவியல்களைக் கிளறிச் சலிக்கிறார்கள். மண் தனியே விழுகிறது. கல்லும் கட்டட இடிபாடும் தனியே. மிச்சம், கந்தலோடு பின்னிக்கிடக்கும் மெல்லிய உறைகள். அவற்றைக் கட்டுகளாகக் கட்டிச் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். குடம் இல்லை, வாளி இல்லை. அவை கிடங்குக்கு வந்து சேர்ந்ததே இல்லை. காயலான் கடை வாங்க மறுத்தது எது என்பதற்கு நிலத்தில் எழுதிவைத்த பட்டியல் அது.

இந்த வணிகத்தைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா என்ற கேள்விதான் கடினமானது. பொறுக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள், பெண்கள். கிடங்குகளில் குழந்தைகளும் பொறுக்கியிருக்கிறார்கள். கையுறை இல்லை, நாய்க்கடி, ஊசிக்குத்து, போலீஸ் சந்தேகம்; உருக்கும் கொட்டகைகளில் காற்றுப்போக்கி இல்லாத புகை. வீட்டில் அலசிய பால் கவரின் மதிப்பு நேராக வந்தது. தெருவில் பொறுக்கிய கவரின் மதிப்பில் ஒரு பகுதி, பொறுக்குபவரின் உடல்நலத்திலிருந்து பிடுங்கப்பட்டது. இதை மறைத்துவிட்டு இந்த வணிகத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் இதற்குத் தீர்வு அவர்களை அப்புறப்படுத்துவது என்று சென்னை முடிவு செய்தபோது, புனே வேறு வழியில் போனது. அங்கே 1993இல் குப்பை பொறுக்குபவர்களும் பழைய பொருள் வாங்குபவர்களும் காகத் காச் பத்ர கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கமாகத் திரண்டார்கள். மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். 2008இல் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைத்து, வீடு வீடாகச் சென்று குப்பை பெறும் உரிமையை மாநகராட்சியுடன் ஒப்பந்தமாக்கினார்கள். வீடுகள் மாதக் கட்டணம் கொடுத்தன. விற்கும் பொருளின் காசும் அவர்களிடமே நின்றது. அதே வேலை, அதே கைகள். தொட்டிக்குள் தலைகுனிந்து தேட வேண்டிய நிலை மட்டும் மாறி, வாசலில் நின்று வாங்கிக்கொள்ளும் நிலை வந்தது. 2016 திடக்கழிவு விதிகள் பொறுக்குபவர்களை முறைப்படி சேர்த்துக்கொள்ளச் சொல்வதற்குள் புனே அதை நடத்திக் காட்டிவிட்டது. ஆனால் ஸ்வச் பெண்களாலும் சாஷேவுக்கு விலை உண்டாக்க முடியவில்லை. அது அவர்கள் கையில் இல்லை.

சட்டம் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1999 விதிகள் கேரி பேக்குக்குக் குறைந்தபட்சம் 20 மைக்ரான் தடிமன் வேண்டும் என்றன. 2011இல் அது 40 ஆனது, 2016இல் 50, 2021 செப்டம்பர் இறுதியில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120. தடிமன் கூடினால் எடை கூடும். எடை கூடினால் பொறுக்குவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். கடைக்காரரும் இலவசமாகக் கொடுக்கத் தயங்குவார். காயலான் கடைக் கணக்கையே அரசிதழ் மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் இந்த எண்களை நான் வாசிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் பைக்குப் பொருத்தியவர்கள் சாஷேவுக்கு வந்ததும் பின்வாங்கினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று 2016 விதியில் இருந்தது. கெடு முடியும் நேரத்தில், 2018 திருத்தம் அந்த வாசகத்தில் எரிசக்தி மீட்பையும் மாற்றுப் பயன்பாட்டையும் சேர்த்தது. எரிக்க முடிகிற எந்த உறையும் தப்பிக்க வழி திறந்தது. முடியாத காரியம் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. குட்கா, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் சொன்னது; 2011 விதியில் அது சட்டமானது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகைப் பொருள்களைத் தடைசெய்தபோதும் இதே கோடுதான் தெரிந்தது. டீக்கடைக் கப், ஓட்டல் தாள், தண்ணீர் பாக்கெட், கேரி பேக் தடைபட்டன. ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு முதல் ஆணையில் விலக்குக் கிடைத்தது. பின்னாளில் அந்த விலக்கைத் திருத்தியும் பெட்டிக்கடையின் சரங்கள் இறங்கவில்லை. நீலகிரியில் 2000களின் தொடக்கத்தில் ஆட்சியராக இருந்து பிளாஸ்டிக் தடையை நடத்திக்காட்டிய சுப்ரியா சாகு சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தபோது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கம் வந்தது. நல்ல இயக்கம். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்து எல்லா வீட்டிலும் கிடந்த பையை மறுபடி கையில் எடுக்க வைத்தது. ஆனால் மஞ்சப்பைக்குள் வீட்டுக்கு வரும் சாமான்களே இன்று பல அடுக்கு உறைகளில்தான் இருக்கின்றன.

சாஷேவைத் தொடாதே, அது ஏழையின் பாட்டில் என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம். தினக்கூலி வாங்கும் பெண் நூறு ரூபாய் கொடுத்து ஷாம்பு பாட்டில் வாங்க முடியாது. ஒரு ரூபாய் கொடுத்துத் தலைக்குக் குளிக்க முடிந்தது. கடலூர் முனைவர்கள் அந்தக் கண்ணியத்தைச் சாத்தியமாக்கினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு ரூபாயில் உறையைத் திரும்ப எடுக்கும் செலவு சேரவில்லை. அந்தச் செலவு வேறொருவர் தலையில் விழுந்தது. பெரும்பாலும் அதே ஏழைப் பெண் வாழும் தெருவின் சாக்கடையில். சிக் ஷாம்புவின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் கிடக்கிறது. தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனம், காலி சாஷேக்களைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு புதிய சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தது. முதலில் எந்த நிறுவனத்தின் காலி உறையும் செல்லும் என்றார்கள். பிறகு சிக் உறை மட்டும் என்று சுருக்கினார்கள். விற்பனை ஏறியது. நோக்கம் போட்டியாளரை வெல்வதுதான், சுற்றுச்சூழல் அன்று. ஆனாலும் காலி உறைக்கு ஒரு மதிப்பு வைத்தால் அது சாக்கடைக்குப் போகாமல் கடைக்குத் திரும்பும் என்பதை அந்தத் திட்டம் நிரூபித்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதையே வேறொரு பொருளில் பார்த்தோம். காடுகளில் உடைந்து கிடந்த மது பாட்டில்கள் விலங்குகளைக் காயப்படுத்துவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுத்தன. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. குடித்துவிட்டு வருபவர்களே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால், மக்களின் ஒழுங்கின்மை என்ற சாக்கு இனி எடுபடாது.

தொழில்நுட்பம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே என்று மதுரையைக் காட்டுபவர்கள் உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் தூவிப் பூச்சாக்கி, அதன்மேல் தார் ஊற்றும் முறையைக் கண்டுபிடித்தார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். காயலான் கடை வாங்காத உறைக்கும் ஒரு வேலை கொடுத்த அருமையான கண்டுபிடிப்பு அது. ஆனால் சாலைக்குப் போகும் உறையையும் யாரோ ஒருவர் சேர்க்க வேண்டும், உலர்த்த வேண்டும், துருவ வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது என்ற பழைய கேள்விக்கு ஜல்லியும் தாரும் பதில் சொல்வதில்லை. சிமெண்ட் சூளைக்கும் இதுவே. மறுசுழற்சி என்று சொல்வதே பெரிய வார்த்தை, குடம் குவளையாகி, குவளை கறுப்புக் குழாயாகி, தரம் இறங்கிக்கொண்டேதானே போகிறது என்ற விமர்சனத்தையும் நான் ஏற்கிறேன். காயலான் கடை பிளாஸ்டிக்கை நிரந்தரமாகத் தீர்த்துவைக்கும் என்று யாரும் வாதிட முடியாது. அது செய்யும் உதவி வேறு. ஒரு பொருள் மறுபடி பயன்படுமா, படாதா என்பதை எந்தச் சான்றிதழையும்விடத் துல்லியமாக அதன் தராசு சொல்லிவிடும். அந்தத் தராசையும் வெளிக்காற்று அசைக்கும். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. புதுப் பிளாஸ்டிக் மலிந்தது, பழையதின் விலை சரிந்தது. அதுவரை சேகரித்தவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகும் நிலை பொறுக்குபவர்களுக்கு வந்தது. 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜி.எஸ்.டி.யை 5இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். நாளொன்றுக்கு 25,940 டன் பிளாஸ்டிக் கழிவு சேர்வதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மதிப்பிட்டிருக்கும் நாட்டில், அதை அள்ளும் வணிகத்தின் மேல் வரியை மும்மடங்குக்கும் மேலாக ஏற்றியதற்கு என்ன நியாயம் சொல்வது என்று தெரியவில்லை.

2022 பிப்ரவரியில் உற்பத்தியாளர் பொறுப்புக்கான விரிவான நெறிமுறைகள் வந்தன. நிறுவனங்கள் சந்தையில் விட்ட உறைக்கு ஈடாக, பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். முப்பது ஆண்டுகள் தாமதமானாலும் திசை சரி. செலவு உறையைச் செய்தவரை நோக்கித் திரும்புகிறது. ஆனால் பணம் நிறுவனத்துக்கும் பதிவுபெற்ற ஆலைக்கும் இடையே காகிதத்தில் நகர்கிறது. 2023இலேயே சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை மத்திய வாரியத்தின் தணிக்கை கண்டுபிடித்தது. பதிவு, எண், இணைய முகப்பு எதுவும் இல்லாத தெருக்கோடிக் கடை இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. சாஷேச் சரம் எந்தப் பெட்டிக்கடை வழியாக வீட்டுக்குள் போனதோ, அந்தப் பெட்டிக்கடைக்கும் அடுத்த தெருக் காயலான் கடைக்கும் காலி உறைக்கு இத்தனை பைசா என்று நிறுவனம் நேராகக் கொடுக்கவேண்டும். அந்த விலையைக் கடை வாசலில் எழுதித் தொங்கவிட வேண்டும். கிலோவுக்கு ஆயிரம் உறை. உறைக்குப் பத்துப் பைசா என்றாலும் கிலோவுக்கு நூறு ரூபாய். அந்தப் பத்துப் பைசாவைத் தர விரும்பாத நிறுவனம், பால் கவர்போல ஒரே பொருளால் ஆன உறைக்கு மாறிக்கொள்ளட்டும். இரண்டில் எது மலிவு என்று கணக்குப் பார்க்கும் திறமை அவர்களிடம் நிறையவே இருக்கிறது.